டேமைச் சுற்றி இருபத்திரண்டு மைல்

லைலாவுக்கு மலைநாட்டு ஹட்டனில் ஒரு கூட்டாளி இருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

லைலா கல்முனைத் தபாற்கந்தோரின் தொலைபேசிப் பகுதியில் வேலை செய்தாள். காதிலே கருவியை மாட்டிக்கொண்டு, துளைகள் நிறைந்த பலகையின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வயரை இழுத்து இன்னொரு துளையில் செருகி, ஊரோடு ஊரைப் பேசவைப்பது அவளுடைய தொழில். மருதமுனைச் சாரன் வியாபாரிகள் மலைநாட்டுப் புடவைக் கடைகளைக் கேட்பார்கள். அந்த அழைப்புகள் பதுளைக்கூடாகப் போய்ச் சேரும் இடத்தில் செலின் இருந்தாள். "கல்முனை, சொல்லுங்க" என்பாள். "ஹட்டன், ஒரு நம்பர் தாங்க" என்பாள் லைலா. மூன்று வருஷமாக இவ்வளவுதான் பேச்சு.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கம்பங்களெல்லாம் விழுந்தன. சாய்ந்தமருதில் லைலா வீட்டுக் கூரை பக்கத்து வளவில் கிடந்தது. நாட்கணக்காகப் பலகை ஊமையாக இருந்தது. கம்பிகளை ஒட்டி முடித்த காலையில் முதலில் வந்த குரல் ஹட்டனுடையது.

"கல்முனையா? உசுரோட இருக்கீங்களா?"

லைலா கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். "ஓம். இருக்கன்."

"தெனமும் கூப்புட்டுப் பார்த்தேங்க. செத்த லைன்தான். எம் பேரு செலின்."

அதற்குப் பிறகு, அழைப்புகள் ஓய்ந்த பொழுதுகளில் இரண்டு பேரும் கதைத்தார்கள். கடல் எப்படி இருக்கும் என்று செலின் கேட்பாள். குளிர் எப்படி இருக்கும் என்று லைலா கேட்பாள். ஒருநாள் செலின், தன் ஊருக்கு மேலேயிருக்கும் கிளென்மோர் நீர்த்தேக்கத்தைப் பற்றிச் சொன்னாள். தோட்டத்துச் சனங்கள் அதை டேமு என்றுதான் சொல்வார்கள். நாலு பக்கமும் மலை, மலையெல்லாம் தேயிலை, நடுவிலே விரல்களை விரித்த கைபோலத் தண்ணீர். கரையோரமாக ஒரு சுற்று நடந்தால் இருபத்திரண்டு மைல்.

"நீங்க நடந்திருக்கீங்களா?" என்று லைலா கேட்டாள்.

"எங்கண்ணன் ரெண்டு தடவ சுத்தி வந்திருக்கு. நானுங் கேட்டேன். பொம்பளப் புள்ள எதுக்குன்னு எங்கப்பா வுடல. அப்புறம் வேலக்கி வந்துட்டேன்."

"எனக்குத் தெரிஞ்ச மலை உப்பு மலைதான்" என்றாள் லைலா. செலின் சிரித்தாள். பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. அதை எடுக்க முன்னர் லைலா சொன்னாள்: "நான் வாறன். ரெண்டு பேரும் நடப்பம்."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன்னுடைய உடம்பு ஞாபகத்துக்கு வந்தது. லைலாவுக்கு இருபத்தொன்பது வயது, பெரிய உடம்பு. கந்தோர்ப் படி ஏழும் ஏறினால் மேல்மூச்சு வாங்கும். மூன்று சம்பந்தங்கள் வந்து, பார்த்து, கோப்பி குடித்துவிட்டுப் போயிருந்தன. சந்தைக்குப் போனாலும் பஸ்ஸில்தான் போவாள். நடந்தால் சனங்கள் பார்ப்பார்கள் என்று கூச்சம்.

அடுத்த நாள் காலையிலிருந்து அவள் நடக்கத் தொடங்கினாள். சுபஹ் தொழுததும், ஊர் விழித்துக் கடற்கரையில் வலை இழுக்கத் தொடங்க முன்னர், ஈர மணலில் மாளிகைக்காட்டுப் பக்கம் போய்த் திரும்பி வருவாள். முதல் கிழமை கால் பெருத்து வீங்கியது. மூன்றாம் மாதம் காரைதீவு எல்லைவரை போய் வந்தாள். உடம்பு பெரிதாக மெலியவில்லை. ஆனால் கந்தோர்ப் படி ஏழும் அவளுக்குத் தெரியாமலே ஏறி முடிந்தது.

இந்த விஷயத்தை முதலில் கேட்டவள் கமீலா. லைலாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது தையல் டீச்சர். கேட்டதும், "நானும் வாறன்" என்றாள். "ரெண்டு புள்ளயும் உம்மாட்ட விடலாம். பத்து வருஷமா நான் போன தூரப் பயணம் எக்ஸ்ரே படம் எடுக்க மட்டக்களப்புக்குப் போனதுதான்."

லைலாவின் தாய் சல்மா உம்மா ஒரே பேச்சில் முடியாது என்றுவிட்டார். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை, ரயில் கோச்சிப் பயணம், தெரியாத மலை. கமீலாவின் கணவர் பதியுதீன் வந்து உட்கார்ந்து, "மாமி, நான் கூடப் போறன். அவங்க ரெண்டு பேரையும் கொண்டு போய்க் கொண்டு வாறது என்ட பொறுப்பு" என்று சொன்ன பிறகுதான் அரை மனதோடு தலையாட்டினார். லைலா அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் பதியுதீன் கல்முனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன், வாய் ஓயாத மனுஷன். எழும்பிப் போகும்போது லைலாவைப் பார்த்து, "தங்கச்சி, நடுவழியில ஏலாமப் போனா ஒரு லொறி பிடிச்சித் தருவன், பயப்படாத" என்றார்.

லைலா சிரித்தாள். அன்றிரவு அந்தப் பேச்சு அவளுக்குக் குத்திக்கொண்டே இருந்தது.

கமீலா மருதமுனை கைத்தறிப் படுக்கை விரிப்புத் துணியில் முதுகில் மாட்டுகிற பைகள் தைத்தாள். தோளில் வரும் பட்டிக்குள் பழைய பஞ்சை வைத்துத் தைத்தாள். பிறகு, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சாரன் துணியில் இரண்டு தொளதொள காற்சட்டைகளும் முழங்காலுக்குக் கீழே வருகிற சட்டைகளும் தைத்தாள்.

"ஊர்ல ஆரும் கண்டா?" என்றாள் லைலா.

"ஊர்ல ஆரு உடுக்கப் போறா? ஹட்டன் தாண்டித்தான். சாரியக் கட்டிக்கிட்டு மலை ஏற நமக்கென்ன விசரா?"

அரசாங்க உத்தியோகம் என்பதால் லைலாவுக்கும் கமீலாவுக்கும் கோச்சியில் காசில்லாமல் போக வாறண்ட் இருந்தது. கமீலாவின் வாறண்டில் பதியுதீனும் வரலாம். தங்குவதற்கு, ஏரியின் மறுகரைத் தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் செலினின் அக்கா வீடு. சாப்பாட்டுக்கு மாசிச் சம்பல் ஒரு போத்தல், கருவாடு, அவல், சீனி. எண்பதாம் ஆண்டு, சித்திரைப் புதுவருஷம் கழிந்த இரண்டாம் கிழமை, மட்டக்களப்பில் கோச்சி ஏறினார்கள். பைகளைக் கட்ட பதியுதீன் கடையிலிருந்து முப்பதடி நீளத்தில் ஐந்து பாக நைலோன் கயிறு கொண்டுவந்திருந்தார். அந்தக் கயிற்றைப் பற்றியும் மாகோ ஸ்டேசன் வரை கதைத்தார்.

இரண்டு கோச்சி மாறி, மறுநாள் பின்னேரம் ஹட்டனில் இறங்கினார்கள். மேடையெல்லாம் பனிப்புகை. கம்பளிச் சால்வைக்குள் மூடிய முகங்களில் செலின் யார் என்று லைலாவுக்கு எப்படித் தெரியும்? மேடையின் மறுமுனையிலிருந்து, ஒல்லியான ஒரு பெண் கூட்டத்துக்குள்ளே நடந்துகொண்டு, கந்தோர்க் குரலில், "கல்முனை... கல்முனை..." என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

"ஹட்டன், சொல்லுங்க" என்றாள் லைலா.

செலின் நின்றாள். ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? உங்க கொரலு மெலிசா இருக்குமே, நான் குச்சியாட்டம் ஒரு ஆளத் தேடிக்கிட்டுத் திரியுறேன்" என்று சொல்லி ஓடிவந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லைலாவுக்கு அப்போது கூச்சமே வரவில்லை.

அன்று செலினின் வீட்டில் தங்கி, அடுத்த நாள் விடிய பஸ்ஸில் டேமுக்குப் போனார்கள். அணைக்கட்டின் முனையில் இறங்கி நின்றபோது மூன்று பெண்களும் பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்கள். கடலைப் பார்த்து வளர்ந்த லைலாவுக்கு, தண்ணீர் இவ்வளவு அசையாமல் இருக்கும் என்று தெரியாது. மலை தலைகீழாக அதற்குள் நின்றது. தூரத்தில் ஒரு தொழிற்சாலையின் தகரக்கூரை ஊசிமுனைபோல மின்னியது. "அதுதான் நாம இன்னைக்கி ராத்தங்கப் போற எடம்" என்றாள் செலின். அது எட்டாத தூரமாகத் தெரிந்தது.

முதல் நாள் பத்து மைல். பதியுதீன் முன்னால் நடந்தார். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து, கையில் தடி. முதல் இரண்டு மைலும் அவர்தான் வழிகாட்டி. மூன்றாவது மைலில் பேச்சுக் குறைந்தது. ஆறாவது மைலில் அவர் கடைசியாக வந்தார். றப்பர் செருப்போடு லைலா ஒரே சீராக, ஈர மணலில் நடந்த அதே நடையில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, நின்று ஆறினாள், மறுபடி நடந்தாள். தேயிலைச் செடிகளுக்குள்ளால் போகும் வழியில் அட்டைகள் ஏறின. செலின் சவுக்காரத்தைக் கணுக்காலில் பூசிவிட்டாள். ஒரு வளைவில், தண்ணீருக்கு இறங்கித் தொழுகைக்கு வுளூ எடுத்தபோது, கை மரத்துப் போகிற குளிர். "இது ஐஸ் புள்ள" என்று கமீலா நடுங்கினாள். பற்றைக்கு அந்தப் பக்கம் பதியுதீனும், இந்தப் பக்கம் பெண்கள் இருவரும் லுஹர் தொழுது முடிக்கும்வரை செலின் மேட்டில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் பதியுதீன் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, உள்ளே போட்டிருந்த மேசு இரத்தத்தில் ஒட்டியிருந்தது. கமீலா வெந்நீரில் ஊறவைத்துப் பிய்த்தெடுக்கும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவரால் சப்பாத்தைக் கிட்டவும் கொண்டுபோக முடியவில்லை. செருப்போடு பத்தடி நடந்து பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு ஏலா" என்றார்.

கமீலா பையைக் கீழே வைத்தாள். எல்லோருக்கும் விளங்கியது. அவர் இல்லாமல் பெண்கள் தனியாகப் போகிற பேச்சுக்கே இடமில்லை. பயணம் இதோடு முடிந்தது. டேமுக்குப் போகிற கொழுந்து லொறி எட்டு மணிக்கு வரும், நாலு பேரும் ஏறிவிடலாம் என்று செலினின் அக்கா சொன்னாள். லைலா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று எட்டாத தூரமாகத் தெரிந்த இடத்தில் நிற்கிறாள். இன்னும் பன்னிரண்டு மைல். அவளுக்கு அழுகை வந்தது, அதை விழுங்கினாள்.

பதியுதீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைலா," என்றார் கடைசியில். "நேத்து முழுக்க உன்ட முதுகப் பாத்துக்கிட்டுத்தான் நடந்தன். நீ ஒருக்காவும் அடி பிசகல்ல. உன்னால ஏலும். நான் லொறியில போறன். நீங்க மூணு பேரும் நடந்து வாங்க."

"உம்மாக்கு என்ன சொல்லுற, காக்கா?" என்றாள் லைலா.

"உம்மாக்கு நான் சொல்லுறன். கொண்டு போய்க் கொண்டு வாறது என்ட பொறுப்பெண்டுதான் சொன்னனான். எப்பிடிக் கொண்டு வாறண்டு சொல்லல்லயே." பிறகு குரலைத் தாழ்த்தி, "பொழுதுபட முந்தி, மஃரிபுக்குள்ள டேமுக்கு வந்திரோணும். வராட்டி நான் பொலிசோடதான் வருவன். கயித்தையும் வெச்சுக்கங்க, எதுக்கும் உதவும்" என்றார்.

கமீலா கணவனின் பக்கத்தில் போய் நின்று, யாரும் பார்க்காத மாதிரி அவருடைய தோளை ஒருதரம் தொட்டாள். பிறகு மூன்று பேரும் புறப்பட்டார்கள்.

அந்தக் காலை போல ஒரு காலை அவர்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. கமீலா பள்ளிக்கூட நாளில் பாடிய பைத்துப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு நடந்தாள். செலின் மாதா கோயில் பாட்டொன்றைப் பாடினாள். எதிரே வந்த கங்காணி ஒருவர் வழிவிட்டு நின்று, "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். "டேமைச் சுத்தி" என்றாள் லைலா. "எதுக்கு?" "சும்மா." அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வளைவு திரும்பும்வரை மூன்று பேரும் சிரித்தார்கள்.

பதினொரு மணிக்கு ஏழு மைல் முடிந்தது. ஏரியின் ஒரு விரல் மலைக்குள் புகுந்து முடிகிற இடத்துக்கு வந்தபோது வானம் கறுத்து, இடி முழங்கி, மழை கொட்டியது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டிலில் ஒதுங்கி, ரொட்டியும் மாசிச் சம்பலும் சாப்பிட்டு, தொழுதுகொண்டார்கள். மழை இரண்டு மணி நேரம் பெய்தது. அது விட்டதும் கீழே இறங்கினார்கள். வழி ஓர் ஓடையில் போய் முடிந்தது.

ஓடைக்கு மேலே போட்டிருந்த மரப்பாலத்தைக் காணவில்லை. இரண்டு மரங்களையும் வெள்ளம் அடித்துப்போயிருந்தது. செம்மண் தண்ணீர் கற்களில் மோதி இரைந்துகொண்டு ஏரிக்குப் பாய்ந்தது. மறுகரையில் ஒன்பது பெண்கள், முதுகில் கூடையோடும் தலையில் உரப்பையோடும் நனைந்து நின்றார்கள். காலையில் பாலத்தால் அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கப் போனவர்கள். அவர்களுடைய லயத்து வீடுகளும் கைக்குழந்தைகளும் இந்தப் பக்கம்.

"புள்ளைங்க பாலுக்கு அழுவுமே" என்று அவர்களில் ஒருத்தி, செவனம்மா என்பவள், இரைச்சலுக்கு மேலால் கத்திச் சொன்னாள். "மேப்பாலத்தால சுத்துனா அஞ்சு மைலு."

கமீலா தண்ணீரைப் பார்த்தாள். "லைலா, திரும்புவம். இவ்வளவு நடந்ததே பெரிய காரியம். ரோட்டுக்கு ஏறினா லொறி வரும்."

"ஆமாக்கா, ரொம்ப இழுக்குது" என்றாள் செலின்.

லைலா கரையோரமாக மேலும் கீழும் நடந்து தண்ணீரைப் பார்த்தாள். அவள் தோணிக்காரரின் மகள். மாரியில் கடலுக்கும் களப்பு ஏரிக்கும் நடுவே ஆற்றுவாய் வெட்டிப் பாயும்போது, ஒரு கரையில் அகப்பட்ட பெண்கள் எப்படி மற்றக் கரைக்கு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிறுவயதில் அவளும் வந்திருக்கிறாள். ஒடுங்கிய இடத்தில் ஒருபோதும் இறங்கக்கூடாது. அங்கே ஆழம். பரந்து, தண்ணீர் சுருக்குச் சுருக்காக ஓடுகிற இடத்தில் தரை கிட்ட இருக்கும்.

அப்படி ஓரிடம் பாலம் இருந்த இடத்துக்கு நாற்பது கஜம் மேலே இருந்தது. ஒரு மூங்கில் தடியை விட்டுப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழேதான். தண்ணீரில் வந்த ஒரு கட்டை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் அரை மணி பொறுத்தாள். கரைக்கல்லில் ஈர அடையாளம் ஒரு சாண் கீழே இறங்கியது.

"இப்ப வடியுது," என்றாள். "கயித்தை எடு, கமீலா."

ஐந்து பாகக் கயிறு காணாது. ஓடை அதைவிட அகலம். கமீலா தன் பையைத் திறந்து, ஊருக்குத் திரும்பும்போது உடுக்க வைத்திருந்த கைத்தறிச் சாரியை எடுத்தாள், ஒருதரம்தான் உடுத்தது. அதை முறுக்கத் தொடங்கினாள். லைலாவின் சாரியையும் சேர்த்து முறுக்கி, லைலா வலைக்காரர்கள் போடுகிற முடிச்சில் கயிற்றோடு பிணைத்தாள். மூன்று பேரும் இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

ஒரு முனையை இந்தக் கரைச் சவுக்கு மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கமீலாவும் செலினும் பிடித்துக்கொண்டார்கள். மற்ற முனையை லைலா இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"மெலிஞ்சவ போனா அள்ளிக்கிட்டுப் போயிரும்," என்றாள். "இதுக்கு என்ன மாதிரி ஆள்தான் வேணும்."

பிஸ்மி சொல்லித் தண்ணீரில் இறங்கினாள். குளிர் எலும்பைக் கடித்தது. தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, மூங்கிலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஓரோர் அடியாக நகர்ந்தாள். நடுவிலே ஒரு கல் காலடியில் உருண்டது. உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. கரையில் கமீலா "யா அள்ளாஹ்" என்றாள், கயிறு விறைத்தது. லைலா முழுப் பாரத்தையும் இடது காலில் போட்டு நின்றாள். வெள்ளம் அவளில் வந்து மோதி, இரண்டாகப் பிரிந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் அசையவில்லை. அசையவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது. மறுகரையில் செவனம்மாவின் கை அவளைப் பிடித்து இழுத்தது.

கயிற்றை அங்கே ஒரு மரத்தில் இறுக்கிக் கட்டினாள். பிறகு மறுபடி நடுத்தண்ணீருக்குப் போய், கல் உருளுகிற இடத்துக்கு மேலே, கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். ஒன்பது பெண்களும் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் நடுவில் லைலாவின் தோளைப் பிடித்து, அவள் முதுகுக்குப் பின்னால், தண்ணீரின் வேகம் உடைந்த இடத்தால் தாண்டிப் போனாள். கொழுந்துக் கூடைகளையும் கடத்தினார்கள். கடைசியாகச் செவனம்மா தாண்டும்போது, "நல்லா இரு தாயி" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு, கரையேறிய பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, செலின் இந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். "ஹட்டன் தாண்டுது" என்றாள் பல் நடுங்க. கமீலா மூன்று பைகளையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்கள் சவுக்கு மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து விட்டார்கள்; இவர்கள் அதை இழுத்து எடுத்தார்கள். ஒன்பது பேரும் தங்கள் பிள்ளைகளிடம் ஓடாமல், இவர்கள் வளைவு திரும்பும்வரை நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றேகால் மணி. ஐந்து மைல் பாக்கி. நனைந்த உடுப்பு நடக்க நடக்கச் சூடானது. கமீலாவின் சாரி சேற்று நிறமாகி, பழைய வலைபோலச் சுருண்டுபோய் அவளுடைய பையில் தொங்கியது.

"இதை என்ன செய்யப் போற?" என்று லைலா கேட்டாள்.

"கழுவி உடுப்பன். ஆரும் கேட்டா, ஒம்போது பேரைக் கடத்தின சாரியெண்டு சொல்லுவன்."

கடைசி மைலில் வெயில் வந்தது. மழை கழுவிய மலைகளெல்லாம் கிட்ட வந்து நின்றன. அணைக்கட்டு தெரிந்ததும் செலின் ஓடத் தொடங்கினாள். கமீலாவும் ஓடினாள். லைலா ஓடவில்லை. அவளுக்கு அந்தக் கடைசித் தூரத்தைத் தன்னுடைய நடையிலேயே முடிக்க வேண்டும்போல இருந்தது.

பதியுதீன் அணைக்கட்டின் முனையில், வெறுங்காலோடு, துணிக்கட்டுப் போட்ட குதிகாலை நிலத்தில் படாமல் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் டேமுக் காவலாளியும் தேத்தண்ணிக் கடைக்காரரும் பஸ்ஸுக்கு நின்ற ஐந்தாறு பேரும். லொறியில் வந்து இறங்கியதிலிருந்து அவர்களுக்கெல்லாம் கதை சொல்லி முடித்திருந்தார் போல. பெண்கள் வருவதைக் கண்டதும் காவலாளி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பதியுதீன் கைதட்டவில்லை. மனைவியின் சேறு படிந்த முகத்தைப் பார்த்தார், லைலாவைப் பார்த்தார். கடைக்குள் போய்த் தன் கையாலேயே நாலு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"உட்காருங்க புள்ள" என்றார். "காலை ஆத்துங்க."

செலினும் கமீலாவும் அணைக்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். லைலா நின்றுகொண்டே குடித்தாள். சூடு தொண்டையால் இறங்கியது. மேற்கே வெயில் சாய்ந்து, தண்ணீர் முழுவதும் செம்பு நிறமாகியிருந்தது.

"எங்க போய் எங்கால வந்தீங்க? காட்டு பாப்பம்" என்றார் பதியுதீன்.

லைலா கோப்பையைச் சுவரின்மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "அந்த முனை, அங்கதான் நேத்து தொழுதது. அந்தத் தகரக்கூரை, ராத்திரி தங்கின இடம். அதுக்கு அங்கால கங்காணி கேள்வி கேட்ட வளைவு. அந்தக் கறுப்பு மடிப்புக்குள்ள இருக்கு ஓடை, இஞ்ச நிண்டா தெரியா. இந்தச் சவுக்குத் தோப்பு, இந்த மேடு, இந்த ரோட்டு..."

ஏரியைச் சுற்றி மெதுவாக வந்த விரல் அவளுடைய செருப்புக்கு முன்னால் வந்து நின்றது. "இஞ்ச," என்றாள்.

பதியுதீன் அந்த விரல் போன வழியை மறுபடி ஒருதரம் தன் கண்ணால் சுற்றி வந்தார். "முழுக்க," என்றார்.

"ஓம்," என்றாள் லைலா. "முழுக்க."